குறிலும் நெடிலும்

கருமாத்தூர்ப் பக்கம் என் பெயர் சொன்னால் தெரியாது.
பீ டாக்டர் என்றால்
தங்கியிருந்த வீட்டைக் காட்டுவார்கள்.
வயிற்றால் போன பிள்ளைகளின் அரைத்துணியில்
ஸ்பூனால் வழித்து, டப்பியிலடைத்து, எண் ஒட்டி
மூன்று வருஷம்.

அய்யங்காளையின் டி.வி.எஸ். பின்னால் குளிர்பெட்டி.
தெருப் பிள்ளைகள் துரத்திக்கொண்டு வரும்:
சேமியா ஐஸ் இருக்கா?
வித்துப்போச்சு என்பான், ஒருநாளும் முகம் சுளிக்காமல்.

பெட்டிக்குள் இரண்டு வகைக் குப்பி.
ஒரே மூடி, ஒரே நிறம், ஒரே இனிப்பு.
ஏ. பி.
ஒன்றில் மருந்து,
இன்னொன்றில் மருந்தைப்போல் ஒன்று.
எது எதுவென்று காளைக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.
தெரிந்த காகிதம்
எங்கோ ஒரு பெட்டகத்தில் சீல் வைத்துக் கிடந்தது.

பவுன்தாய் கையெழுத்துப் போடுமுன் கேட்டாள்:
"மருந்தா தண்ணியா, ஒனக்கே தெரியாதா?"
"தெரியாது."
"அப்ப என்னத்துக்குப் படிச்ச?"
பதினாறு பக்க ஒப்புதல் படிவத்தில்
இதற்கு நாங்கள் இடம் விடவில்லை.

அவள் மகன் நானூற்றுப் பதினேழு.
வீட்டில் யுகேந்தர்.
சொட்டு விட்டதும் நாக்கைச் சுழற்றி
இன்னும் கேட்டான்.

சிவராத்திரிக்குச் சாமி கும்பிட்டுவிட்டு
வாரங்கலுக்கு முறுக்குப் போடக் கிளம்பியது குடும்பம்.
"தொடர்பில் இல்லை" என்று குறித்தோம்.
ஆடியில்
முதல் சொல்லை மட்டும் அடித்தோம்.

எண்ணெய்ச் சட்டி எரிகிற கொட்டகையில் இரண்டு நாள்.
உப்புக்கரைசல் பொட்டலம் நான்கு கொடுத்தனுப்பியிருந்தேன்.
என் மேசை இழுப்பறையில்
அப்போது ஒரு பெட்டி நிறைய இருந்தது.

கணக்கு முடிந்த அன்று பட்டியலைத் திறந்தார்கள்.
ஹோட்டல் அறை, ஏ.சி., முந்திரி பிஸ்கட்.
திரையில் ஒரு விழுக்காடு வந்து நின்றது.
கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன், பொய்யில்லை.
அந்த எண்ணுக்காகத்தான் பதினொரு வருஷம்.
எல்லோரும் சாப்பிடப் போனதும்
நகத்தால் வரிபிடித்து இறங்கினேன்.
நானூற்றுப் பதினாறு, ஏ.
நானூற்றுப் பதினேழு,
பி.

குறில். ஒரு மாத்திரை.
ஊர் எனக்கு வைத்த பெயரைச் சொல்ல ஆகும் நேரத்தில் பாதி.

அவன் இல்லாமல் அந்த விழுக்காடு இல்லை.
பி-யில் படுத்த பிள்ளைகளை எண்ணித்தான்
ஏ-யில் படுக்காத பிள்ளைகளைக் கண்டோம்.
இதைவிட நேர்மையான வழி
இன்றுவரை எனக்குத் தெரியாது.
டாக்காவில் சொன்னேன், ஜெனீவாவில் சொன்னேன்,
இருபதாவது ஸ்லைடில் அவன்
ஒரு கோட்டின் வளைவில் இருந்தான்.
இரவு தூங்கவும் செய்தேன்.

போன புதன்கிழமை, செக்கானூரணி சுகாதார நிலையம்.
வாசல் தாண்டி வரிசை.
இப்போது எல்லாக் குப்பியிலும் மருந்து.
பவுன்தாய் மடியில் ஆறு வாரத்துப் பெண்குழந்தை.
"பீ டாக்டர்தானே?"
வரிசையே சிரித்தது.
சிரிப்பு அடங்குமுன், குரலை இறக்கி,
"அன்னைக்கு ஊத்துனது மருந்தா தண்ணியா?"

"பி" என்றேன்.
கோழைத்தனம்தான்.
"அப்படின்னா?"
"தண்ணி."

பிள்ளையின் கழுத்து மடிப்பில் இருந்த பவுடரை
சேலைத் தலைப்பால் துடைத்தாள்,
ஏற்கெனவே துடைத்த இடத்தை.
நர்ஸ் கையிலிருந்த குப்பியை மோவாயால் காட்டி
"இது?"
"மருந்து."
"தெரியுமா?"
"தெரியும்."

கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்து
அவளே பிடித்துக்கொடுத்தாள்.
பாதியைத் துப்பியது குழந்தை.
இன்னொரு தடவை விடவா என்று
நர்ஸ் என்னைப் பார்த்தாள்.
விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி உண்டு,
நான் இருந்த குழு எழுதியது.
பவுன்தாயும்
என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.